மெக்சிக்கோவுக்குப் போய்த் திரும்பி வருகிறவர்கள்

குருநகரில் ஒருவர் மெக்சிக்கோவுக்குப் போகிறார் என்றால், அவர் மெக்சிக்கோவுக்குப் போகவில்லை என்று அர்த்தம். அது ஒரு நாடு என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் வாசற்படி மாதிரியான நாடு. களவாக ஆளனுப்புகிற ஏஜென்சிக்காரன் அங்கே கொண்டுபோய் விடுவான். தாண்டினால் அமெரிக்கா, இன்னும் கொஞ்சம் எட்டி வைத்தால் கனடா. வாசற்படியைச் சுற்றிப் பார்ப்பதற்காக எவரும் பெட்டி அடுக்கியதாகக் குருநகரின் வரலாற்றில் இல்லை.

எனவே, வருகிற டிசெம்பரில் மனைவியோடு மெக்சிக்கோவுக்குப் போகப்போவதாகப் பிரகாஸ் தன்னுடைய கடையில் வைத்துச் சொன்னபோது, செபநாயகம் எழுந்துபோய் றேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். பிறகு தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, பிரகாஸின் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

"ஏஜென்சி ஆர்?"

"ஏஜென்சி இல்லை அண்ணை. நாங்களாத்தான் போறம்."

"நீங்களாவோ?" செபநாயகத்தின் பார்வையில் மரியாதை கூடியது. "பெண்சாதியையும் கொண்டு. துணிச்சல்தான்."

"சுத்திப் பாக்கத்தான் அண்ணை. பன்னிரண்டு நாள். நத்தாருக்கு முன்னம் வந்திடுவம்."

"ஓம் ஓம். ஆர் கேட்டாலும் அப்பிடியே சொல்லு. என்னட்டையும் அப்பிடித்தான் சொல்லவேணும், அதுதான் புத்தி."

பிரகாஸ் வள்ளங்களின் இஞ்சின் திருத்துகிறவன். செபநாயகம் கடற்றொழிலாளர் சங்கத்தின் தலைவர். வள்ளம் ஒன்று, அதற்கு இஞ்சின் ஒன்று என்று அளவாக வாழ்கிற சம்மாட்டி. அந்த இஞ்சின் அப்போது நாற்பத்து மூன்று துண்டுகளாகப் பிரகாஸின் மேசையில் கிடந்தது. கொழும்பிலிருந்து பிஸ்ரன் வளையம் வரவேண்டும். கொழும்புக் கடைக்காரர் ஒவ்வொரு நாளும் 'நாளைக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தார், குரலில் ஒரு களைப்பும் இல்லாமல். செபநாயகம் தினமும் பின்னேரம் நாலு மணிக்கு வந்து, ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்ப்பதுபோல அந்தத் துண்டுகளைப் பார்ப்பார். "இண்டைக்கு எப்பிடி?" என்று கேட்பார். அதுவரை மச்சானின் வள்ளத்தில் தொழிலுக்குப் போனார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. மச்சான் கரையிலிருந்து கரைவரைக்கும் செபமாலை சொல்கிற ஆள், அதுவும் மீனுக்குக் கேட்கும்படி.

மெக்சிக்கோ விஷயம் தெரிந்த அன்று அவர் இஞ்சினைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல் போனார். பிரகாஸ் அதைக் கவனித்தான். மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டான்.

போகிற இடத்தின் பெயர் சான் மிகுவேல் டி அயெண்டே. புனித மிக்கேல் சம்மனசின் பெயர்கொண்ட பழைய மலைப் பட்டணம். ஓவியர்களும் சிற்பிகளும் அங்கே போய்க் குடியேறிவிடுவார்களாம். நாடு சொன்னால் ஊர் சிரிக்கிறது என்பதால் ஜெயகௌரி பட்டணத்தின் பெயரை மட்டும் சொல்லிப் பார்த்தாள். "ஓ, மிக்கேல் கோயிலுக்கு யாத்திரை எண்டு விசா எடுக்கிறியளோ, நல்ல யோசினை," என்று பக்கத்து வீட்டில் பாராட்டினார்கள்.

ஜெயகௌரி உடுப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர ரீச்சர். நாளும் இரண்டு பஸ் பிடித்துப் போய், இரண்டு பஸ் பிடித்து வருகிறவள். கலியாணத்துக்கு முன்பே, எங்கிருந்தோ வந்த ஒரு கலண்டரில் புரட்டாதி மாதத்துக்கு மேலேயிருந்த படத்தை வெட்டி எடுத்து, அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தாள். இளஞ்சிவப்புக் கல்லில், மெழுகு உருகி மேல்நோக்கி வழிந்ததுபோல ஒரு கோயில். பிரகாஸ் சேட் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கோயிலைக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுக்கவேண்டியிருந்தது.

"அதைக் கட்டினவர் ஒரு கொத்தனாராம்," என்று ஒருநாள் அவள் சொன்னாள். "ஐரோப்பாக் கோயில்களின்ரை தபாலட்டையைப் பாத்துக் கட்டினவராம். மண்ணிலை தடியாலை கீறிக் காட்டித்தான் வேலைகாரருக்கு விளங்கப்படுத்தினவராம்."

பிரகாஸ் கையிலிருந்த சேட்டை மறந்து நின்றான். "மனுவல் புத்தகம் இல்லாமலோ?"

"மனுவல் இல்லாமல்."

தன் வாழ்நாளில் ஒரு இஞ்சினுக்கும் மனுவல் பார்த்திராத பிரகாஸ் அந்தக் கோபுரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தான். "அப்ப ஒருக்காப் போகத்தான் வேணும்," என்றான். கலியாணமான ஆண்கள் இப்படித்தான் தங்களை அறியாமல் சத்தியம் செய்துவிடுகிறார்கள்.

ஆனால் ஜெயகௌரிக்கு வேண்டியது கோயில் மட்டும் இல்லை. அவளிடம் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது, அதில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, பயணத்தை நாள்நாளாக எழுதியிருந்தாள். முதலாம் நாள்: நித்திரை. இரண்டாம் நாள்: கோயில், காலை வெளிச்சத்தில், அதே கோயில், பின்னேர வெளிச்சத்தில். மூன்றாம் நாள்: கதவுகள்.

"ஒரு நாள் முழுக்கக் கதவோ?" என்றான் பிரகாஸ்.

"அங்கை ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு நிறம்."

"எங்கடை கதவும் நிறம்தானே."

"எங்கடை கதவு நீங்கள் வள்ளத்துக்கு அடிச்ச பெயின்ரிலை மிச்சம்."

ஐந்தாம் நாள், கன்னியர் மடமாக இருந்து ஓவியப் பள்ளிக்கூடமான ஒரு கட்டடம். அங்கே பெரிய ஓவியர் ஒருவர் பாதியில் விட்டுப்போன சுவரோவியம் இருக்கிறது.

"முடிக்காத வேலையைப் பாக்க இவ்வளவு தூரம் போகவேணுமே? என்ரை கடைக்கு வாருமன்."

நான்காம் நாளை மட்டும் அவன் பகிடி பண்ணவில்லை. அந்த வரிக்குக் கீழே அவள் இரண்டு தரம் கோடு கீறியிருந்தாள். அந்தப் பட்டணத்தில் கலியாணம் முடித்தவர்களைத் தெருவில் ஊர்வலமாகக் கூட்டிப்போகிற வழக்கம் உண்டு. பன்னிரண்டடி உயரத்தில் மாப்பிள்ளைப் பொம்மை ஒன்று, பொம்பிளைப் பொம்மை ஒன்று. உள்ளே ஆள் நின்று ஆட்டுவார். முன்னால் பாண்ட் வாத்தியம். பூமாலை போட்ட கழுதை ஒன்றும் வரும். தெருவில் போகிற, முன்பின் தெரியாத சனங்கள் நின்று கைதட்டும். ஜெயகௌரி இந்தக் காட்சியைப் போனில் எத்தனை தரம் பார்த்தாள் என்று பிரகாஸுக்குத் தெரியும். பார்த்து முடிந்ததும் அவள் போனைக் கவிழ்த்து வைக்கிற விதமும் தெரியும்.

அவர்களுடைய கலியாணம் கொரோனாக் கேர்ஃபியூவில் நடந்தது. கோயிலில் சுவாமியார், பெற்றோர், இரண்டு சாட்சி. சொல்லிவைத்த பாண்டும் வரவில்லை, சொல்லாமல் வரக்கூடிய சனமும் வரவில்லை. பொம்பிளை மோட்டார் சைக்கிளில் முகக்கவசத்தோடு வீட்டுக்குப் போனாள். வெள்ளைச் சேலை சில்லுக்குள் போகாமல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. வழியில் பாஸ் பார்த்த பொலிஸ்காரர் ஒருவர் சிங்களத்தில் வாழ்த்திக் கையசைத்தார். குருநகர் முழுக்க உறவுக்காரராக இருந்த ஒருத்தியின் கலியாண நாளில், கையசைத்தது அந்த ஒரு ஆள்தான்.

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு போய் மாப்பிளை பொம்பிளை எண்டு நிக்கேலுமே?" என்று பிரகாஸ் ஒருதரம் கேட்டுப் பார்த்தான்.

"அங்கை ஆருக்குத் தெரியும்?"

"கழுதைக்குத் தெரியும்."

"நீங்கள் கழுதையோடை கதைக்கத் தேவையில்லை. பின்னாலை நடந்தாப் போதும்."

ஆகவே பிரகாஸுக்கு இது பயணம் இல்லை, நான்காம் நாள். மற்றப் பதினொரு நாளும் அந்த ஒரு நாளுக்குச் சுற்றிவரப் போட்ட வேலி. விசா கிடைக்காவிட்டால் ஜெயகௌரி அழமாட்டாள், கொப்பியைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைப்பாள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

ஊர் தன் பங்குக்கு உதவி செய்யத் தொடங்கியது. முதலில் வந்தவர் மாமியார் அற்புதராணி, இரண்டு கிலோ மிளகாய்த்தூளோடும் நிறையக் கண்ணீரோடும்.

"தம்பி, காட்டுக்குள்ளாலை நடத்திக்கொண்டு போவினமாம். இவளுக்கு அட்டை எண்டாப் பயம்."

"காடு இல்லை மாமி. பிளேனிலை போய், பஸ்ஸிலை ஏறி, ஹொட்டேலிலை நிக்கப்போறம்."

"ஓம், ஹொட்டேலிலைதானாம் வைச்சிருக்கிறது. ஆள் சேருமட்டும்."

பிறகு பார்சல்கள் வந்தன. ஒடியல், பருத்தித்துறை வடை, பாரைக் கருவாடு. எல்லாவற்றிலும் ரொறன்ரோ விலாசம். மெக்சிக்கோப் பட்டணத்திலிருந்து ரொறன்ரோ, யாழ்ப்பாணத்திலிருந்து டுபாய் இருக்கிற தூரத்தை விடக் கூட என்று பிரகாஸ் ஒரு கிழவிக்கு விளங்கப்படுத்தினான். "அவ்வளவுதானே," என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு அவர் இன்னொரு பார்சலும் தந்தார்.

விசா விண்ணப்பத்தை நிரப்பியவன் கேதீஸ்வரன். பிரகாஸோடு படித்தவன், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோப் பிரதி, படிவம், மொழிபெயர்ப்பு என்று ஒரு கடை வைத்திருந்தான்.

"பயணத்தின் நோக்கம்?"

"சுற்றுலா."

"அது தெரியும். உண்மையான நோக்கத்தை எனக்குச் சொல்லு மச்சான். அதுக்குத் தக்கமாதிரிச் சுற்றுலா எண்டு எழுதுவம்."

"சுற்றுலாதானடா."

கேதீஸ்வரன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு ஜெயகௌரியைப் பார்த்தான். அவள் கொப்பியைத் திறந்து காட்டினாள். கதவுகளுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருப்பதைப் பார்த்ததும் அவனுடைய முகம் மாறியது. "தயாரிப்பு பிரமாதம்," என்றான். "நான் கண்டதிலை இதுதான் திறம்."

சம்பளத் துண்டு, லீவுக் கடிதம், காணி உறுதி எல்லாம் சேர்ந்தன. கடைசியாக ஒன்று குறைந்தது: ஊரில் மதிப்புள்ள ஒருவர், இவர்கள் திரும்பி வருவார்கள் என்று எழுதித் தரும் கடிதம். சுவாமியார் தியானத்துக்குப் போயிருந்தார். பிரகாஸ் செபநாயகத்திடம் போனான்.

அது இயல்பான காரியம். குருநகரில் வெளிநாட்டுக்கு ஒரு கடிதம் வேண்டுமென்றால் செபநாயகம்தான். முப்பது வருடமாக, அகதித் தஞ்சம் கேட்டவர்களுக்காக, லண்டனுக்கும் பாரிஸுக்கும் சுவிஸுக்கும் ஆங்கிலத்தில் எழுதி, சங்கத்தின் சீல் குத்திக் கொடுத்துவந்தார். அவருடைய கடிதத்தில் மூன்று பந்தி இருக்கும். முதலாவது, இவரைப் பிறந்த நாளிலிருந்து அறிவேன். இரண்டாவது, இவர் நல்லவர். மூன்றாவது, இவர் நாடு திரும்பினால் உயிருக்கு ஆபத்து. மூன்றாம் பந்தி முழு உண்மையாக இருந்த வருடங்களில்தான் அவர் அதை எழுதப் பழகினார். பிறகு காலம் மாறியது, கை மாறவில்லை.

"அண்ணை, நான் திரும்பி வருவன் எண்டு எழுதவேணும். விளங்குதே?"

"எனக்குப் படிப்பிக்கிறியோ? எத்தினை பேரை அனுப்பினனான்."

அடுத்த நாள் கடிதம் வந்தது, நான்கு பக்கமும் ஒட்டி, ஒட்டின இடமெல்லாம் சீல் குத்திய உறையில். "பிரிச்சுப் போடாதை. சீல் உடைஞ்சாத் துரைமார் ஏற்கமாட்டினம்," என்று கையில் வைத்துவிட்டு, பிரகாஸின் தோளைக் கொஞ்ச நேரம் பிடித்தபடி நின்றார். பிறகு மேசையில் கிடந்த இஞ்சினை ஒருதரம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

கட்டுக்கட்டாகக் காகிதங்கள் மெக்சிக்கோத் தூதரகத்துக்குப் போய்ச்சேர்ந்து மூன்று கிழமையில், காணொளியில் நேர்காணல் என்று மின்னஞ்சல் வந்தது. சொன்ன நாளில் காலை பதினொரு மணிக்குக் கேதீஸ்வரனின் கடையில், பிரகாஸும் ஜெயகௌரியும் கொம்பியூட்டருக்கு முன்னால் அமர்ந்தார்கள். பிரகாஸ் சப்பாத்துப் போட்டிருந்தான், கமராவில் கால் தெரியாது என்று கேதீஸ்வரன் சொல்லியும். வெளியே மர வாங்கில் அற்புதராணி செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், தேவையானால் உதவலாம் என்று, வெள்ளைச் சேட் போட்ட செபநாயகம்.

திரையில் வந்த அதிகாரி நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக, பள்ளிக்கூட அதிபர் மாதிரி இருந்தார். ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார். எத்தனை நாள், எந்த ஹொட்டேல், வேலைக்கு எப்போது திரும்பவேண்டும். ஜெயகௌரி ஒவ்வொன்றுக்கும் கொப்பியைப் பார்க்காமலே பதில் சொன்னாள். அதிகாரி இரண்டு தரம் தலையாட்டினார். கேதீஸ்வரன் கமராவுக்கு எட்டாத பக்கம் நின்று பெருவிரலை உயர்த்திக் காட்டினான்.

பிறகு அதிகாரி ஒரு காகிதத்தைத் தூக்கினார். அதன் கீழ் மூலையில் சங்கத்தின் சீல், படகுப் படத்தோடு.

"மூன்றாம் பந்தி," என்றார். மெதுவாக வாசித்தார். இவர் இலங்கைக்குத் திரும்ப நேர்ந்தால் இவருடைய உயிருக்குப் பேராபத்து நிச்சயம். ஆதலால் எக்காரணம் கொண்டும் இவரைத் திருப்பி அனுப்பாதிருக்குமாறு கடவுளின் பெயரால் வேண்டுகிறேன்.

கேதீஸ்வரனின் பெருவிரல் கீழே இறங்கியது.

"நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்பதற்கு ஆதாரமாக இணைத்த கடிதம் இது," என்றார் அதிகாரி.

"ஓம்," என்றான் பிரகாஸ். அதற்கு ஆங்கிலம் கூட அவனுக்கு வரவில்லை.

ஜெயகௌரி அவனைப் பார்க்கவில்லை. அவளுடைய கை கொப்பியை மெதுவாக மூடியது. மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டது. பிரகாஸுக்கு அலுமாரிக் கதவு சாத்துகிற சத்தம் காதில் கேட்டமாதிரி இருந்தது. அவன் எழுந்து போய்க் கடைக் கதவைத் திறந்தான்.

"அண்ணை, உள்ளுக்கு வாங்கோ. உங்கடை கடிதத்தைப் பற்றிக் கேக்கினம்."

செபநாயகம் எழுந்து சேட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். முப்பது வருடத்தில் அவருடைய கடிதத்தைப் பற்றி எவரும் எதுவும் கேட்டதில்லை. ஒரு பதில் வந்ததில்லை, ஒரு நன்றி வந்ததில்லை. அவர் உள்ளே வந்து, கதிரையில் இருந்து, திரையைப் பார்த்து வணக்கம் சொன்னார். எழுதுகிற ஆங்கிலம் அவருக்குப் பேச வராது என்பதால், கேதீஸ்வரன் மொழிபெயர்க்கப் பக்கத்தில் நின்றான்.

"இதை எழுதியது நீங்களா?"

"நான்தான்."

"இவருக்கு என்ன ஆபத்து? யாரால்?"

செபநாயகம் பிரகாஸைத் திரும்பிப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை," என்றான் பிரகாஸ்.

"எந்த உண்மையை?"

"இஞ்சை இருந்தா ஆராலை எனக்கு ஆபத்து? அதைச் சொல்லுங்கோ."

செபநாயகம் யோசித்தார். முதல்தரமாக ஒருவர் மூன்றாம் பந்தியைப் பற்றி அவரிடம் விளக்கம் கேட்கிறார். சும்மா ஒன்றைச் சொல்ல மனம் வரவில்லை. நெற்றியைச் சுருக்கிக் குருநகர் முழுவதையும் வீடுவீடாகத் தேடினார்.

"என்னாலைதான்," என்றார் கடைசியில். "என்ரை இஞ்சினைப் பூட்டாமல் போனாயெண்டால்."

கேதீஸ்வரன் அதை மொழிபெயர்த்தான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "என்ன இஞ்சின்?"

அதற்குப் பிறகு செபநாயகத்தை நிற்பாட்ட முடியவில்லை. நாற்பத்து மூன்று துண்டு, கொழும்பிலிருந்து வராத வளையம், மச்சானின் செபமாலை எல்லாம் வந்தன. "வேறை ஒருத்தருக்கும் உந்த இஞ்சினைப் பூட்டத் தெரியாது. கழட்டினவன்தான் பூட்டவேணும். உவன் போறதெண்டதும் நான் கேக்கிறதை விட்டிட்டன். போற பொடியனை ஒரு இஞ்சினைச் சொல்லி மறிக்கக்கூடாது எண்டு."

பிரகாஸ் அவருடைய கதிரைக்குக் கிட்ட வந்தான். அவர் மறந்துவிட்டார் என்றல்லவா அவன் நினைத்திருந்தான்.

"அண்ணை, நான் வந்து பூட்டித் தருவன்."

"ஓம் ஓம்," என்று பழக்கதோஷத்தில் தொடங்கினார் செபநாயகம். பாதியில் நிறுத்தினார். அவனுடைய சப்பாத்திலிருந்து தலைவரைக்கும் பார்த்தார். "உண்மையாவோ?"

"உண்மையா."

"அப்ப நீ மெக்சிக்கோவுக்குப் போறது மெக்சிக்கோவைப் பாக்கவோ?"

"ஓம் அண்ணை."

"அங்கை என்ன கிடக்கு?"

இரண்டு மாதத்தில் இந்தக் கேள்வியை முதலில் கேட்ட குருநகர்வாசி அவர்தான். ஜெயகௌரி கொப்பியைத் திறந்து, இரண்டு தரம் கோடு கீறிய இடத்தைக் காட்டினாள்.

"எங்கடை கலியாணத்துக்கு நீங்கள் வரேல்லை, அண்ணை."

"கேர்ஃபியூ, பிள்ளை."

"தெரியும். பிழை சொல்லேல்லை. ஆனா ஒருத்தரும் வரேல்லை. அங்கை பாண்ட் வைச்சுத் தெருவாலை கூட்டிக்கொண்டு போவினம். தெரியாத சனம் நிண்டு கைதட்டுமாம். ஒருக்கா அப்பிடி நடந்திட்டு வந்திடுவம். அவ்வளவுதான்."

அதிகாரி, அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். ஒரு வசனத்தையும் அலங்காரம் இல்லாமல் மொழிபெயர்த்துப் பழக்கமில்லாத கேதீஸ்வரன், அவள் சொன்னதை அப்படியே சொன்னான். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அதிகாரி கொஞ்ச நேரம் எதையோ எழுதினார். பிறகு செபநாயகத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு கிழமைக்குள் வேறு கடிதம் அனுப்புங்கள். இந்த முறை, உள்ளதை எழுதுங்கள்."

அந்தக் கிழமை செபநாயகத்துக்குத் துன்பமான கிழமை. முதல் இரண்டு பந்தியும் தானாக ஓடிவந்தன. மூன்றாவதில் பேனை நின்றது. ஒருவரைப் பற்றித் 'திரும்பி வருவார்' என்று எழுதுவது, அந்த ஆளால் ஒன்றும் ஏலாது என்று எழுதுவதுபோல அவருக்குப் பட்டது. நாலு தாளைக் கிழித்தார். ஐந்தாவதை உறையில் போட்டு, ஒட்டாமல் கொண்டுவந்து பிரகாஸிடம் தந்தார். "வாசி," என்றார்.

ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் சொன்னால் இவ்வளவுதான். இவரைப் பிறந்த நாளிலிருந்து அறிவேன். இவர் நல்லவர், ஆனால் வேலை தாமதம். என்னுடைய இஞ்சின் நாற்பத்து மூன்று துண்டுகளாக இவருடைய மேசையில் கிடக்கிறது. இவரைத் தவிர எவராலும் அதைப் பூட்ட முடியாது. ஆதலால் இவர் திரும்பி வருவார். வராவிட்டால் ஆபத்து எனக்கு.

விசா ஒட்டிய பாஸ்போட்டுகள் நவம்பர் கடைசியில் வந்தன. ஜெயகௌரி அவற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். அறைக்குப் போனாள், குசினிக்குப் போனாள், திரும்ப அறைக்கு வந்தாள். பிரகாஸ் பின்னாலேயே நடந்தான். கழுதைக்குப் பின்னால் நடக்கவும் இது ஒரு பயிற்சிதான் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டான்.

ஊர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. "கெட்டிக்காரர், விசாவோடையே போகினம்," என்றது.

வெளிக்கிட மூன்று நாள் இருக்கும்போது, கொழும்புக் கடைக்காரரின் 'நாளைக்கு' தவறிப்போய் இன்றைக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் வந்த பெட்டிக்குள் பிஸ்ரன் வளையம் மினுங்கியது. பிரகாஸ் அதே மூச்சில் மேசையைத் துடைத்து, துண்டுகளை வரிசையாக அடுக்கினான். நாலு மணிக்குச் செபநாயகம் வந்தபோது அவன் கையில் ஸ்பானர் இருந்தது.

"வந்திட்டுது அண்ணை. நாளைக்குப் பின்னேரம் கொண்டுபோய்ப் போடலாம்."

செபநாயகம் வளையத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். நல்ல சாமான் என்றார். பெட்டிக்குள் திரும்ப வைத்து மூடினார்.

"ஸ்பானரைக் கீழை வை."

"ஏன் அண்ணை?"

"நாப்பத்து மூண்டு துண்டாக் கிடக்கு எண்டு எழுதிப்போட்டன்."

"விசா தந்திட்டினம். இனி ஆர் வந்து எண்ணப்போகினம்?"

"ஒருத்தரும் எண்ணமாட்டினம். அது எனக்கும் தெரியும்." அவர் கதிரையை இழுத்துப் போட்டு, தன் இஞ்சினுக்கு எதிரே இருந்தார். "முப்பது வருசமா எழுதிறன். எழுதினது எல்லாம் என்னவாப் போச்சுதோ தெரியாது. போன ஆக்கள் ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. இது ஒண்டாவது எழுதினபடி கிடக்கட்டும்."

"நத்தார் மட்டும் மச்சான்ரை வள்ளத்திலையோ போகப்போறியள்?"

"பன்னிரண்டு நாள் செபமாலைதானே. எழுதின மற்றக் கடிதங்களுக்கு எனக்கும் அது தேவைதான்."

பிரகாஸ் ஸ்பானரைக் கீழே வைத்தான். செபநாயகம் மேசையை ஒருதரம் எண்ணிப் பார்த்தார். நாற்பத்து மூன்றும் சரி. "நீ உதைப் பூட்டாமல் போறதைப் பாத்தாத்தான் எனக்கும் நம்பிக்கை," என்று எழுந்து போனவர், வாசலில் நின்று திரும்பினார். "கழுதை எண்டு பிள்ளை கொப்பியிலை எழுதியிருந்தது. நல்ல வடிவாப் பூப் போடுவினமோ?"

"போடுவினமாம் அண்ணை."

"அப்பச் சரி."

வெளிக்கிடுகிற அன்று பின்னேரம் விமான நிலையத்துக்குப் போகிற வான் வந்து நின்றபோது, வீட்டு வாசலில் அரைவாசிக் குருநகர் நின்றது. அற்புதராணி மகளைக் கட்டிப்பிடித்து, இனிக் காண்பதென்றால் மோட்சத்தில்தான் என்பதுபோல அழுதார். "நத்தாருக்கு வந்திடுவனம்மா," என்று ஜெயகௌரி சொல்லச் சொல்ல அழுகை கூடியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பிரகாஸின் கையைப் பிடித்து, போய்ச் சேர்ந்ததும் தங்களை மறக்கவேண்டாம் என்றார்கள். கேதீஸ்வரன் படம் எடுத்தான். யாரோ ஒரு பெண், கடைசிப் பார்சலை வானின் யன்னலுக்குள்ளால் தள்ளினாள், ரொறன்ரோ விலாசம்தான்.

செபநாயகம் ஒழுங்கை முகப்பில், மச்சானின் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அவர் ஒருவர்தான் அழவில்லை. மருதனார்மடச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போகிறவர்களைப் பார்ப்பதுபோல அவர்களைப் பார்த்தார். வான் அவருக்குப் பக்கத்தில் மெதுவாகும்போது கிட்டக் குனிந்தார்.

"இருபத்தோராந் திகதி. காலமை ஏழு மணி. சுணங்கக்கூடாது."

"ஓம் அண்ணை," என்றான் பிரகாஸ்.

வான் பிரதான வீதியில் ஏறியது. பின்னால் கைகள் அசைந்துகொண்டேயிருந்தன, கோயில் மூலை மறைக்கும்வரை. ஜெயகௌரி கழுத்தை வளைத்துக் கடைசிக் கைவரைக்கும் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த கொப்பியை விரித்தாள். 'இருபதாம் திகதி: வீடு' என்ற வரிக்குக் கீழே, வான் குலுங்காத இடமாகப் பார்த்து, இன்னொரு கோடு கீறி எழுதினாள்.

இருபத்தோராம் திகதி, காலை ஏழு மணி: இஞ்சின்.